நெஞ்சுப் படபடப்பும் நம் ஊர்த் தாய்மாரும்

காலை எட்டு மணிக்கு மங்கலம் கடைவீதியில் சற்று நேரம் நின்று பார்த்தால், நம் ஊரின் வாழ்க்கை முழுவதும் கண்முன்னே ஓடும். பனியன் கம்பெனிகளுக்குச் செல்லும் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். கையில் சாப்பாட்டுத் தூக்குடன் தாய்மார் ஓடிவந்து ஏறுவர். ஒருபுறம் விசைத்தறிகளின் ஓசை இரவும் பகலும் ஓயாது கேட்கும். மறுபுறம் பள்ளிச் சீருடையில் நாம் நடந்து செல்வோம். இவ்வளவு பேர் உழைக்கும் ஊரில் ஒரு நோய் சத்தமில்லாமல் பலரை வாட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் காய்ச்சலைப் போல வெப்பமானி இல்லை. அம்மையைப் போல உடலில் தடயமும் இல்லை. அந்நோய்க்குப் பெயர் பதற்ற நோய்.

காரணமில்லாமலோ, காரணத்திற்கு மிஞ்சியோ அச்சம் தோன்றி, அது அடங்காமல் மனிதரின் அன்றாட வாழ்வையே முடக்கிவிடும் நிலையைத்தான் மருத்துவர்கள் இவ்வாறு அழைக்கின்றனர். இதைப் பற்றி ஆண்டு மலரில் எழுத வேண்டிய தேவை என்ன என்று சிலர் கேட்கலாம். இந்நோய் வீட்டிலிருக்கும் தாய்க்கு வந்தால், பள்ளிக்கு வரவேண்டிய மகளின் வருகைப் பதிவேட்டில் அது விழுகிறது என்பதே நம் விடை.

ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம்

பின்வரும் தாய் யாரோ ஒருவர் அல்லர். நம் ஊரில் நாம் கண்டும் கேட்டும் அறிந்த பலரை ஒருவராக வைத்துச் சொல்கிறோம். அவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறார். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வீடு திரும்புகிறார். சனிக்கிழமைச் சம்பளம் வாங்கியதும் வாடகை, மளிகைக் கடன், குழுக் கடன் என்று பணம் பறந்துவிடுகிறது. ஒரு நாள் மாலை, வேலையில் இருக்கும்போதே அவருக்குத் திடீரென நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூச்சு முட்டுகிறது, கை விரல்கள் மரத்துப்போகின்றன, உடல் வியர்க்கிறது. “படபடன்னு வருதுங்க, உசுரு போயிரும் போல இருக்குதுங்க” என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்.

உடனே ஒரு சோடா வாங்கிக் கொடுக்கிறார்கள். “வாய்வாக இருக்கும்” என்கிறார் ஒருவர். “பிரஷர் இறங்கியிருக்கும்” என்கிறார் மற்றவர். மருத்துவமனைக்குக் கொண்டுபோய் இ.சி.ஜி. எடுத்தால், இதயத்தில் குறையொன்றும் இல்லை என்று தெரிகிறது. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, ஓர் ஊசி போட்டு அனுப்புகிறார்கள். அடுத்த வாரம் மீண்டும் அதே துன்பம். வேறொரு மருத்துவர், வேறொரு பரிசோதனை, மீண்டும் கடன். திருஷ்டி கழிக்கிறார்கள், மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். கடைசியில், “உங்களுக்கு ஒன்றுமே இல்லையம்மா” என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஒன்றுமே இல்லையென்றால் இவ்வளவு துன்பம் ஏன்? அதன் பிறகு அத்தாய் பஸ்ஸில் தனியாக ஏற அஞ்சுகிறார். கூட்டமான கடைக்குப் போவதில்லை. வேலையும் நின்றுபோகிறது. “அம்மாவைத் தனியா விட முடியாதுங்க டீச்சர்” என்று மகள் பள்ளிக்கு வராமல் நிற்கிறாள். முதலில் ஒரு நாள், பிறகு ஒரு வாரம், பிறகு ஒரேயடியாக. இந்த நோயில் பணயமாக வைக்கப்படுவது ஒருவரின் நிம்மதி மட்டுமல்ல என்பதை இதனால் உணரலாம்.

அச்சம் நமக்குப் பகையா?

அச்சம் இறைவன் நமக்குத் தந்த காவலாளி. பாதையில் பாம்பைக் கண்டால், யோசிப்பதற்கு முன்பே நம் கால் பின்வாங்குகிறது. அந்த நொடியில் மூளை ஆபத்தென்று அறிவிக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது, மூச்சு விரைகிறது, உடல் வியர்க்கிறது, வயிற்றின் வேலை தற்காலிகமாக நின்று குமட்டல் தோன்றுகிறது. இவையெல்லாம் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் செய்யும் ஆயத்தங்கள். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன் இதனை ஆராய்ந்து 1915ஆம் ஆண்டிலேயே விளக்கினார்.

பாம்பு போய்விட்டால் இந்த ஆயத்தமும் அடங்க வேண்டும். சிலரிடம் அது அடங்குவதில்லை. இன்னும் சிலரிடம் பாம்பே இல்லாதபோது மணி அடிக்கிறது. வீட்டில் தீ இல்லை. ஆனால் தீயணைப்பு மணி மட்டும் விடாமல் ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி பொய்யாக ஒலிக்கிறது என்பதால் அதன் ஓசையும் பொய் என்று ஆகிவிடாதல்லவா? பதற்ற நோயாளியின் நெஞ்சுப் படபடப்பும் அவ்வாறே. அது நடிப்பன்று, கற்பனையுமன்று. உண்மையாகவே இதயம் வேகமாக அடிக்கிறது.

விரல்கள் மரத்துப்போவதற்கும் காரணம் உண்டு. அச்சத்தில் மூச்சை மேலும் மேலும் இழுத்து விடும்போது, இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அதனால் தலை சுற்றுகிறது. உதடும் விரல்களும் மரமரக்கின்றன. இதைக் கண்டு, “ஐயோ, என்னமோ ஆகிறதே” என்று அச்சம் இன்னும் கூடுகிறது; கூடிய அச்சம் மூச்சை இன்னும் விரைவாக்குகிறது. இப்படி அச்சம் அச்சத்தையே தின்று வளர்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் முன்னோர் சொன்னது எவ்வளவு பொருத்தம்!

எப்போது அது நோயாகிறது?

தேர்வுக்கு முன்நாள் இரவு தூக்கம் வராமல் புரள்வது நோயன்று. தேர்வு முடிந்ததும் அது போய்விடும். பதற்றம் அளவுக்கு மிஞ்சி, நீண்ட நாள் நீடித்து, உண்பது, உறங்குவது, வேலை செய்வது, படிப்பது ஆகியவற்றைக் கெடுக்கும்போதுதான் அதை நோய் என்கிறோம். அதில் சில வகைகள் உண்டு.

முதலாவது, பொதுவான பதற்ற நோய். பிள்ளைக்கு என்ன ஆகுமோ, சம்பளம் வருமோ வராதோ என்று எல்லாவற்றையும் பற்றி மாதக்கணக்கில் ஓயாமல் கவலைப்படுதல். ஆறு மாதத்திற்கு மேல் இது நீடித்து, அத்துடன் தூக்கமின்மை, களைப்பு, தசை வலி, எரிச்சல் முதலியவையும் சேர்ந்தால் மருத்துவர்கள் இவ்வாறு கணிக்கிறார்கள்.

இரண்டாவது, திடீர்ப் பீதி நோய். மேலே நாம் கண்ட தாய்க்கு வந்தது இதுவே. சில நிமிடங்களில் அச்சம் உச்சத்தை எட்டி, பிறகு தானே தணியும். ஆனால், மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் நோயாளியை வீட்டிற்குள்ளேயே பூட்டிவிடும்.

மூன்றாவது, மனிதர் நடுவில் வரும் அச்சம். நாலு பேர் முன் பேச, உண்ண, எழுந்து நிற்கக்கூட அஞ்சுதல். வகுப்பில் விடை தெரிந்தும் எழாமல் தலைகுனியும் மாணவியை “கூச்ச சுபாவம்” என்று நாம் விட்டுவிடுகிறோம். எல்லாக் கூச்சமும் நோயன்று. ஆனால் கூச்சத்தின் காரணமாகப் பள்ளியையே விடத் துணியும் பெண்ணுக்கு உதவி தேவை.

நான்காவது, உயரம், நாய், இரத்தம், ஊசி, மூடிய அறை என ஏதேனும் ஒன்றின் மீது மட்டும் தோன்றும் மிகைப்பட்ட அச்சம்.

உடல் வழியே பேசும் மனம்

“எனக்கு மனப்பதற்றம்” என்று சொல்லிக்கொண்டு நம் ஊரில் யாரும் மருத்துவரிடம் போவதில்லை. தலை பாரம், நெஞ்சடைப்பு, கை கால் அசதி, வயிற்றில் எரிச்சல் என்றே சொல்வர். இது நம் நாட்டவருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரர் பலர் நெஞ்சு படபடப்பும் மூச்சுத் திணறலும் கண்டு அவதியுற்றனர். ஜேக்கப் டகோஸ்டா என்ற மருத்துவர் அவர்களைச் சோதித்து, 1871ஆம் ஆண்டு அதை ஒருவகை இதயக் கோளாறாகவே எழுதினார். அத்தகைய துன்பத்தில் அச்சத்திற்குப் பெரும் பங்குண்டு என்பது பின்னரே மருத்துவ உலகிற்கு விளங்கிற்று. திடீர்ப் பீதி நோயைத் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு வகைப்படுத்தியது 1980இல்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. படபடப்பு எல்லாமே பதற்ற நோய் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும், இரத்தச் சோகை இருந்தாலும், சர்க்கரை குறைந்தாலும், உண்மையாகவே இதய நோய் இருந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றலாம். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச் சோகை இருப்பது தெரிந்தது. ஆகவே முதலில் உடலைச் சோதிக்க வேண்டும். சோதித்துக் குறையில்லை என்று தெரிந்தபின், “ஒன்றுமில்லை” என்று அனுப்பிவிடாமல், “உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது, இது பதற்றத்தால் வருவது, இதற்கும் மருந்துண்டு” என்று சொல்வதே சரியான மருத்துவம். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காமலே ஆண்டுக்கணக்கில் அலைபவர்கள் எத்தனை பேர்!

எளியோரை அது ஏன் மிகுதியாக வாட்டுகிறது?

பதற்ற நோய் செல்வர், வறியவர் என்று பாராது யாருக்கும் வரும். குடும்ப வழியாக வரும் தன்மையும் அதற்குச் சிறிது உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அது ஏறத்தாழ இருமடங்கு காணப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2019இல் உலகில் 30 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது, அவர்களுள் 5.8 கோடிப் பேர் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் ஆவர். ஆனால், நாளைய சோறு நிச்சயமில்லாத வீட்டில் பதற்றத்திற்கு உணவு மிகுதியாகக் கிடைக்கிறது.

நம் பகுதியையே பாருங்கள். நொய்யல் ஆறு சாயக் கழிவால் மாசுபட்டதை முன்னிட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் செய்தது. ஆற்றையும் உழவரையும் காக்க அத்தீர்ப்பு வேண்டியிருந்தது; எனினும் பட்டறையை நம்பியிருந்த குடும்பங்கள் திகைத்து நின்றன. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, வெளியூர்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் லைன் வீடுகளில் அடைபட்டுக் கிடந்தனர். 2022இலும் 2025இலும் கூலி உயர்வு வேண்டி விசைத்தறியாளர்கள் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்த நேர்ந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீது சுங்க வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, திருப்பூரின் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. எங்கோ வாஷிங்டனில் போடும் கையெழுத்து, மங்கலத்தில் கைமடி வேலை செய்யும் பெண்ணின் தூக்கத்தைக் கெடுக்கிறது!

இத்துடன் இரவு வேலை, தூக்கக் குறைவு, தறிக் குடோனின் இடைவிடாத இரைச்சல், பசியை அடக்க அடிக்கடி குடிக்கும் டீ, வீட்டில் குடிப்பழக்கம், சொந்த ஊரில் இருந்த உறவுகளைப் பிரிந்த தனிமை ஆகியவையும் சேர்கின்றன. பிழைக்க வந்த இடத்தில் மனம் விட்டுப் பேச ஒரு தாயோ அக்காளோ பக்கத்தில் இல்லை.

நோய் வந்தபின் சிகிச்சை பெறுவதும் எளிதன்று. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமாகிய நிமான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெரிய ஆய்வொன்றை நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேலாக ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பது அதில் தெரியவந்தது. பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான குறைகள் உடையவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சையே பெறவில்லை. நம் நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்பதையும், இருப்பவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களிலேயே இருக்கிறார்கள் என்பதையும் எண்ணினால் இது வியப்பன்று. மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அந்த நாள் கூலி போகும். இதற்கெல்லாம் மேலாக, “பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களே, நாளை மகளுக்கு வரன் வருமா” என்ற அச்சம். நோயைவிடப் பெரிய அச்சம் இதுதான்.

சிகிச்சை உண்டா?

உண்டு. பலரும் நல்ல குணம் பெறுகிறார்கள். சிகிச்சை இருவகைப்படும்.

ஒன்று, பேச்சு வழிச் சிகிச்சை. பயிற்சி பெற்ற உளவியலாளர் நோயாளியுடன் சில வாரங்கள் உரையாடி, அச்சத்தைத் தூண்டும் எண்ணங்களைக் கண்டுபிடித்துச் சீர்தூக்கக் கற்றுத் தருவார். “நெஞ்சு அடித்துக்கொண்டால் செத்துவிடுவேன்” என்ற எண்ணம் உண்மையா? இதுவரை எத்தனை முறை அடித்துக்கொண்டது? ஒவ்வொரு முறையும் என்ன ஆயிற்று? இவ்வாறு கேட்டுக் கேட்டு மனத்தைத் தெளிவிப்பர். பிறகு, தவிர்த்துவந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போகச் செய்வர். முதல் நாள் தெரு முனை வரை, பிறகு பஸ் நிறுத்தம் வரை, பிறகு துணையோடு ஒரு நிறுத்தம், பின்னர்த் தனியாக. அச்சத்தை விட்டு ஓடினால் அது துரத்தும். நின்று பார்த்தால் அது தானே தணியும் என்பதை நோயாளி அனுபவத்தில் கற்றுக்கொள்கிறார்.

மற்றொன்று மருந்து. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் தருவார். இவை தலைவலி மாத்திரை போல உடனே வேலை செய்யா. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் சிறிது குமட்டலோ தலைவலியோ வரலாம். இதை அறியாமல் பலர் ஒரே வாரத்தில் “சேரவில்லை” என்று விட்டுவிடுகிறார்கள். குணமான பின்னும் மருத்துவர் சொல்லும் காலம் வரை உண்டு, அவர் சொற்படியே மெல்லக் குறைக்க வேண்டும். இவை அடிமைப்படுத்தும் மருந்துகள் அல்ல. ஆனால், அல்பிரசோலம் போன்ற உடனடி அமைதி மாத்திரைகள் வேறு வகை. அவை சில மணி நேரம் சுகம் தரும். தொடர்ந்து உண்டால் பழக்கமாகிவிடும். மருத்துவர் சீட்டின்றி அவற்றை வாங்குவதும் விற்பதும் தவறு. பக்கத்து வீட்டு அக்காள் தந்த தூக்க மாத்திரையை வாங்கி உண்பதும் ஆபத்தே.

மருத்துவர் இல்லாத இடத்தில் என்ன செய்வது?

இக்கேள்விக்கு ஏழை நாடுகளே அழகிய விடை கண்டிருக்கின்றன. ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வே நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவரான டிக்சன் சிபாண்டா என்பவர் 2006இல் ஒரு புதிய வழியைத் தொடங்கினார். சுகாதார நிலையத்தின் மர நிழலில் ஒரு மரப்பெஞ்சு. அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. “அதிகமாக யோசிக்கிறேன்” என்று அந்நாட்டு மொழியில் சொல்லி வரும் பெண்களின் குறையைக் காது கொடுத்துக் கேட்டு, ஒரு நேரத்தில் ஒரு பிரச்சினையை எடுத்து வழி தேட உதவுவதே பாட்டியின் பணி. இதற்கு ‘நட்புப் பெஞ்சு’ என்று பெயர். இந்தப் பாட்டிமாரிடம் வந்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நன்கு குணமடைந்தனர் என்பது 2016இல் வெளியான ஆய்வில் தெளிவாயிற்று.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. கோவாவில் சங்கத் என்னும் அமைப்பினர், மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, ஆரம்பச் சிகிச்சை நிலையங்களில் மனச்சோர்வும் பதற்றமும் உடையோருக்கு ஆலோசனை கூறச் செய்தனர். அரசு சுகாதார நிலையங்களில் இது நல்ல பலன் தந்ததை 2010இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நம் மாநிலத்தில், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் அவர்கள் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ப் நிறுவனம், புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்குப் பேருந்து ஒன்றையே மருத்துவ அறையாக்கி அனுப்பியது. கிராமத்து நோயாளி வண்டிக்குள் அமர்ந்து, சென்னையிலிருக்கும் மருத்துவருடன் திரையில் கண்டு பேசினார்.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1982இல் தேசிய மனநலத் திட்டமும், 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் தோன்றின. அரசு நடத்தும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் கூறுகிறது. திருப்பூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. அதே 2022 அக்டோபரில் 14416 என்ற இலவசத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். விடுப்பும் பஸ் செலவும் இல்லாமல், ஷிப்ட் முடிந்து வந்த பின் இரவிலும் உதவி கேட்க வழி பிறந்திருப்பது எளியோருக்குப் பெரும் வரம்.

ஜெபமும் மருந்தும்

“விசுவாசம் இருந்தால் பயம் வருமா?” என்று சிலர் கேட்கக் கேட்டிருக்கிறோம். இக்கேள்வி நோயுற்றவரை இருமுறை தண்டிக்கிறது. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே மனக்கலக்கமுற்று, வியர்வை இரத்தத் துளிகளாக விழும் அளவுக்கு வேதனைப்பட்டதாக நற்செய்தி சொல்கிறது. தம் சீடர்கள் உடன் விழித்திருக்க வேண்டுமென்று அவர் விரும்பினார். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், மன்ரேசாவில் இருந்தபோது, பாவங்களைச் சரியாக அறிக்கையிட்டோமா என்ற ஓயாத ஐயத்தால் பல மாதங்கள் வதைபட்டார். ஆகவே பதற்றம் பாவமன்று. விசுவாசக் குறைவின் அடையாளமுமன்று. மருத்துவரை மதிக்க வேண்டும், மருந்தும் இறைவன் படைப்பே என்று சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரத்தில் போதிக்கிறது. ஜெபம் செய்வோம், மாத்திரையையும் வேளை தவறாமல் உண்போம்.

பெல்ஜியம் நாட்டில் கேல் என்றோர் ஊர் உண்டு. மனநோயாளிகளின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவின் ஆலயம் அங்குள்ளது. இடைக்காலம் முதலே அங்கு வந்த நோயாளிகளை ஊர் மக்கள் தம் வீடுகளில் ஏற்று, குடும்பத்தில் ஒருவராக வைத்துப் பார்த்தனர். இருபதாம் நூற்றாண்டில் ஒரு காலத்தில் 3,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு வீடுகளில் வாழ்ந்தனர். நம் மாநிலத்திலோ, 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி மாண்டனர். விலக்கி வைப்பது எங்கே கொண்டுவிடும், அணைத்துக்கொள்வது எங்கே கொண்டுசேர்க்கும் என்பதற்கு இவ்விரண்டையும் நினைவில் வைப்போம்.

நாம் செய்யக்கூடியவை

1. வீட்டில் ஒருவருக்குத் திடீர்ப் பீதி வந்தால் கூட்டம் கூட்ட வேண்டாம். அருகில் அமர்ந்து, அமைதியான குரலில், “நான் இருக்கிறேன், இது அடங்கிவிடும்” என்று சொல்லுங்கள். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல வெளியே விடச் சொல்லி, நீங்களும் உடன் செய்யுங்கள்.

2. இதற்கு முன் சோதிக்கப்படாதவராக இருந்தாலோ, நெஞ்சு வலி தோள், கை, தாடைக்குப் பரவினாலோ, மயக்கம் வந்தாலோ தாமதியாமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

3. “எல்லாம் உன் மனப்பிரமை”, “தைரியமாக இரு”, “வேலை வெட்டி இல்லாததால் வருவது” என்று சொல்லாதீர்கள். கால் ஒடிந்தவரிடம் “தைரியமாக நட” என்போமா?

4. உடற்பரிசோதனை முடிந்து இதயத்தில் குறையில்லை என்று தெரிந்தால், மேலும் மேலும் ஸ்கேனுக்குச் செலவழிக்காமல், “இது பதற்றமாக இருக்குமா?” என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது 14416ஐ அழையுங்கள்.

5. மாலை நேரத்து டீயைக் குறைப்பது, குறித்த நேரத்தில் உறங்குவது, தினமும் சிறிது நடப்பது ஆகியவை சிறு உதவிகள். இவை சிகிச்சைக்குத் துணை. சிகிச்சைக்கு மாற்று அல்ல.

6. வாழவே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அதை விளையாட்டாக எண்ணாமல், அவரைத் தனியே விடாமல், உடனே பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். மாணவியரே, இதில் இரகசியம் காப்பது நட்பாகாது.

7. வகுப்புத் தோழி காரணமின்றி நாள்கணக்கில் வரவில்லையென்றால், அவள் வீட்டுக்குச் சென்று பாருங்கள். வகுப்பாசிரியையிடமோ சிஸ்டர்களிடமோ தயங்காமல் கூறுங்கள்.

முடிவாக

தொடக்கத்தில் சொன்ன தாயிடம் மீண்டும் வருவோம். அவருக்கு வேண்டியது பெரிய மருத்துவமனையோ மற்றொரு கடனோ அன்று. “இதற்குப் பெயர் உண்டு, இதற்கு மருந்து உண்டு, இது உங்கள் தவறல்ல” என்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த மகளாகத்தான் இருப்பாள். அதாவது, இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள்தான். இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும், இந்தக் கட்டுரையை அம்மாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தால், எழுந்து போய்விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். அவர் பேசத் தொடங்குவார்.

அஞ்சும் நெஞ்சங்களுக்கு இறைவன் அமைதி அருள்வாராக. அந்த அமைதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கைகளாக நாம் இருப்போமாக.